மகளுக்கு இரண்டு கடவுச்சீட்டுகள்: எந்த எல்லையில் எதைக் காட்டுவது?

கேள்வி: நான் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவள், கணவர் பிரெஞ்சுக் குடிமகன். எங்கள் ஆறு வயது மகளுக்கு இரு நாட்டுக் குடியுரிமையும் உண்டு. வரும் 2026 ஜூலை 11 அன்று நானும் மகளும் மட்டும் லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ் சென்று, மாமியார் வீட்டில் தங்கி, 20ஆம் தேதி அங்கிருந்து ஒரு திருமணத்துக்காகச் சென்னைக்குப் பறந்து, ஆகஸ்ட் 10 அன்று லண்டன் திரும்புகிறோம். மகளின் பிரித்தானியக் கடவுச்சீட்டு ஆகஸ்ட் 25 அன்று காலாவதியாகிறது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. என்னுடையது 2016 ஜூன் 3 அன்று வழங்கப்பட்டு 2027 பிப்ரவரி 3 வரை செல்லும் என்பதால் அதில் சிக்கல் இல்லை. மகளுடையதைப் புதுப்பித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டுமா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: சகோதரி, சிக்கல் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த உங்கள் கடவுச்சீட்டில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத, பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குள் வரும் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவரின் கடவுச்சீட்டு, அவர் நுழையும் நாளில் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளைக் கடந்திருக்கக் கூடாது. அவர் வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பர் வரை பிரித்தானியா, பழைய கடவுச்சீட்டில் மிஞ்சிய மாதங்களை, ஒன்பது மாதங்கள் வரை, புதியதில் சேர்த்துக் கொடுத்துவந்தது. உங்களுடையது பத்து ஆண்டு எட்டு மாதங்களுக்குச் செல்வது அதனால்தான். காலாவதித் தேதியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. ஜூலை 11 அன்று அது பத்து ஆண்டுகளைத் தாண்டி ஐந்து வாரங்கள் ஆகியிருக்கும். பிரெஞ்சு எல்லைக் காவலர்கள், பாரிஸ் ரயில் புறப்படும் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே சோதிப்பதால், ரயிலில் ஏறுவதற்கு முன்பே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதலில் புதுப்பிக்க வேண்டியது உங்களுடையதை. இந்திய இ-விசா கடவுச்சீட்டு எண்ணோடு இணைக்கப்படுவதால், புதியது கைக்கு வந்த பிறகே அதற்கு விண்ணப்பியுங்கள்.

இனி மகள். இந்த மூன்று மாதக் கணக்கு, இந்தியா கேட்கும் ஆறு மாதக் கணக்கு எல்லாம் ஒரு நாடு அயலாரிடம் கேட்பவை. தன் குடிமக்களிடம் கேட்பவை அல்ல. செயின்ட் பாங்க்ராஸில் அவள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் காட்டினால் பிரான்ஸுக்கு அவள் சொந்தக் குடிமகள். மூன்று மாத விதி அவளைத் தொடாது. பிரித்தானியக் கடவுச்சீட்டைக் காட்டினாலோ, ஜூலை 20க்குப் பிறகு மூன்று மாதங்கள், அதாவது அக்டோபர் 20 வரை அது செல்ல வேண்டும்; செல்லாது. இந்தியாவுக்கு அவள் அயல்நாட்டவள்தான். சென்னையில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்கள் செல்லுபடி தேவை என்பதால் இ-விசாவைப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டிலேயே எடுங்கள். வேறு கடவுச்சீட்டு உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் பிரித்தானியக் கடவுச்சீட்டின் விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

திரும்பும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 2026 பிப்ரவரி 25 முதல், இரட்டைக் குடியுரிமை உள்ள பிரித்தானியர் பிரித்தானியாவுக்கு வர, செல்லுபடியாகும் பிரித்தானியக் கடவுச்சீட்டையோ, பிரித்தானியாவில் வாழும் உரிமை உண்டு என்று காட்டும் வதிவுரிமைச் சான்றையோ விமான நிறுவனத்திடம் காட்டியாக வேண்டும். அந்தச் சான்றுக்கான கட்டணமே 500 பவுண்டுக்கு மேல். பிரெஞ்சுக் கடவுச்சீட்டில், விசா தேவைப்படாத அயல்நாட்டவர் பிரித்தானியா வருமுன் எடுக்கும் மின்னணுப் பயண அனுமதியை (ETA) எடுத்து வந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். பிரித்தானியக் குடிமக்களுக்கு அந்த அனுமதி கிடையாது. எனவே சென்னை விமான நிலையத்தில், விமான நிறுவனத்தின் மேசையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு, அடுத்துள்ள குடிவரவு மேசையில் விசா இணைந்த பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, லண்டனில் இறங்கியதும் மீண்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. இரண்டையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

ஆகஸ்ட் 10 அன்று அவளுடைய பிரித்தானியக் கடவுச்சீட்டு இன்னும் செல்லும் என்பதால், சட்டப்படி புதுப்பிக்காமலே போய்வரலாம். ஆனால் இடையில் இருப்பது பதினைந்தே நாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு பயணம் தள்ளிப்போனால், அவசரப் பயண ஆவணத்துக்கு அலைய நேரிடும். நானாக இருந்தால் உங்களுடையதோடு சேர்த்து அவளுடையதையும் இப்போதே அனுப்பிவிடுவேன். பிரித்தானியக் கடவுச்சீட்டு அலுவலகம் மூன்று வாரம் ஒதுக்கச் சொல்கிறது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் வண்ணப் பிரதியையும் உடன் கேட்கும். இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் தந்தையின் பெயரும் மற்றதில் குடும்பப் பெயரும் கடைப்பெயராக இருப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். கடவுச்சீட்டு அலுவலகமோ இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது, பயணச்சீட்டிலும் ஒரு பெயர்தான் இருக்கும்.

கணவர் உடன் வராததால், அவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பெயரும் மகளின் கடைப்பெயரும் வேறாக இருந்தால், லண்டன் திரும்பும்போது அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.