இடர் யாருக்கு? நிவாரணப் பணியாளர்களின் பாதுகாப்புக் கேள்விகளும் பதில்களும்

நிவாரண அமைப்புகளில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களும் புதிதாகக் களத்துக்குப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பல கேள்விகள் ஒன்றையே சுற்றி வந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் அச்சுறுத்தல், பலவீனம், இடர் என மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றிலும் "சாலை ஆபத்தானது" என்றுதான் எழுதுகிறோம். என்ன வித்தியாசம்?

பதில்: அச்சுறுத்தல் என்பது வெளியே இருப்பது. ஒரு ஆயுதக் குழு அந்தச் சாலையில் வண்டிகளை மறித்துப் பறிக்கிறது என்றால், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது அங்கே இருக்கும். பலவீனம் உங்களிடம் இருப்பது: வாராவாரம் அதே கிழமை, அதே நேரம், அதே வண்டியில் சம்பளப் பணத்தோடு போகிறீர்கள். இரண்டும் சந்தித்தால் என்ன நடக்கலாம், எந்த அளவுக்கு வாய்ப்பு உண்டு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்பதுதான் இடர்.

மூன்று கட்டத்திலும் ஒரே வரியை எழுதினால், "போகாதே" என்பதைத் தவிர வேறு தீர்வு கண்ணில் படாது. பலவீனத்தைத் தனியாக எழுதிப் பாருங்கள். கிழமையை மாற்றலாம், பணத்தை வேறு வழியில் அனுப்பலாம் என்று உடனே நாலு யோசனை வரும். அச்சுறுத்தலைக் குறைப்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. பலவீனம் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்று, இடர் எல்லோருக்கும் ஒன்றல்ல. அதே சோதனைச் சாவடியை வெளிநாட்டு மருத்துவர் சிரமமில்லாமல் கடந்துவிடலாம். எதிர்த்தரப்பு இனத்தைச் சேர்ந்த ஓட்டுநரை இறக்கி நிறுத்திவிடுவார்கள். ஒரு பெண் பணியாளருக்கு அங்கே வேறு விதமான தொல்லை. அதனால் படிவத்தில் "யாருக்கு?" என்று ஒரு கட்டத்தைச் சேருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கட்டமாக இருக்க வேண்டும்.

கேள்வி: வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, பாதிப்புக்கு 1 முதல் 5 வரை என்று மதிப்பெண் போட்டுப் பெருக்குகிறோம். அந்த எண்ணை நம்பலாமா?

பதில்: வரிசைப்படுத்த உதவும், அவ்வளவுதான். அடிக்கடி நடக்கும் சில்லறைத் திருட்டு 5 பெருக்கல் 1. எப்போதோ நடக்கக்கூடிய கடத்தல் 1 பெருக்கல் 5. இரண்டுக்கும் விடை 5 என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள். கடத்தலைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, சீட் பெல்ட்டையும் இரவுப் பயணத்தையும் கண்டுகொள்ளாமல் விடும் கூட்டங்கள் நிறைய. சாலை விபத்தும் இடர்தான்.

கேள்வி: "மக்கள் நம்மை நேசிக்கிறார்கள், ஏற்புதான் நம் பாதுகாப்பு" என்கிறார் எங்கள் இயக்குநர். மதில், காவலர் எல்லாம் வேண்டாம் என்கிறார். சரிதானா?

பதில்: ஏற்பு, காப்பு, தடுப்பு என்ற மூன்று அணுகுமுறைகளைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். ஏற்பு என்றால், நம்மைத் தாக்கக்கூடியவர்களும் நாம் அங்கே இருப்பதற்குச் சம்மதித்திருப்பது. காப்பு என்றால் மதில், வானொலித் தொடர்பு, ஊரடங்கு நேரம் போன்றவை. தடுப்பு என்றால், தாக்கினால் விளைவு உண்டு என்று உணர்த்துவது. ஆயுதக் காவல் அதில் அடங்கும், வேலையை நிறுத்திவிடுவோம் என்று சொல்வதும் அடங்கும்.

உங்கள் இயக்குநர் ஏற்பை மனநிலையாகப் பார்க்கிறார். உண்மையில் அது அன்றாட வேலை. உதவி பெறுபவர்களின் அன்பு மட்டும் போதாது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நீங்கள் யார் என்று தெரியுமா? பட்டியலில் பெயர் விடுபட்டவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? நிலைமை மாறும்போது "இன்றைக்கு வராதீர்கள்" என்று யாராவது தொலைபேசியில் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் ஏற்பு ஓரளவு இருக்கிறது.

வானிலிருந்து வரும் குண்டுக்கு எதிரே ஏற்பு எதுவும் செய்யாது. அங்கே இருப்பிட விவரங்களைப் போரிடும் தரப்புகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பதுதான் வழக்கம். அதுவும் கேடயமல்ல. ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனையின் இடக்குறிப்புகளைத் தரப்புகளுக்குக் கொடுத்திருந்தது. 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் அதைத் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள்.

கேள்வி: எஞ்சிய இடர் என்பதை யார் ஏற்க வேண்டும்?

பதில்: எல்லா நடவடிக்கையும் எடுத்த பிறகும் மிச்சமிருப்பது எஞ்சிய இடர். அதை வேலையின் அவசியத்தோடு எடைபோட வேண்டும். உயிர்காக்கும் அறுவைச் சிகிச்சைக்காக ஏற்கும் இடரைப் புகைப்படம் எடுக்கும் பயணத்துக்காக ஏற்கக் கூடாது. கையெழுத்துப் போடுபவர் மேலதிகாரி. ஆனால் வண்டியில் ஏறுபவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். "நான் வரவில்லை" என்று சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

கேள்வி: "என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்று எழுதி வாங்கிவிட்டால் அமைப்பின் கடமை தீர்ந்ததா?

பதில்: தீராது. கென்யாவின் தாதாப் அகதி முகாமில் 2012 ஜூனில் நோர்வே அகதிகள் கவுன்சிலின் வண்டித்தொடர் தாக்கப்பட்டது. ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார், 4 பணியாளர்கள் கடத்தப்பட்டுச் சில நாள்களில் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2015 நவம்பரில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம், கடத்தல் இடர் முன்கூட்டியே தெரியக்கூடியதாக இருந்தது, அமைப்பு கடுமையான அலட்சியம் காட்டியது என்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கச் சொன்னது. பராமரிப்புக் கடமை (பணியாளர்களின் பாதுகாப்பில் அமைப்புக்கு உள்ள பொறுப்பு) என்ற சொல்லை நிவாரண அமைப்புகளின் நிர்வாகக் குழுக்கள் கவனித்துப் படிக்க ஆரம்பித்ததில் இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: பதுங்கியிருத்தல், இடமாற்றம், வெளியேற்றம் மூன்றும் ஒரே திட்டத்தில் வருகின்றன. எப்போது எது?

பதில்: வெளியே போவது உள்ளே இருப்பதைவிட ஆபத்து என்றால் பதுங்கியிருத்தல். நாட்டுக்குள்ளேயே பாதுகாப்பான ஊருக்குப் போவது இடமாற்றம், எல்லை தாண்டுவது வெளியேற்றம். பதுங்கலுக்குத் தண்ணீர், உணவு, மருந்து, தொலைத்தொடர்பு எல்லாம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கட்டடத்தை எல்லாத் தரப்பும் மதிக்கும் என்று நம்பக் காரணம் வேண்டும். 2006 ஆகஸ்ட் 4 அன்று இலங்கையின் மூதூரில் பட்டினிக்கு எதிரான செயற்பாடு அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமைப்பின் டி-ஷர்ட் அவர்களைக் காக்கவில்லை.

உங்கள் திட்டத்தில் உள்ளூர்ப் பணியாளர்கள் எந்த வரியில் வருகிறார்கள் என்று இன்றே பாருங்கள். வெளிநாட்டவருக்கு விமானம், உள்ளூர்க்காரருக்கு "வீட்டுக்குப் போங்கள்" என்பதுதான் பல திட்டங்களில் இருக்கிறது. அவர்களின் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு, சம்பள முன்பணம் உண்டா என்பதை நெருக்கடிக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஆபத்தான பகுதிகளில் உள்ளூர்ப் பங்காளி அமைப்பு வழியாக வேலை செய்கிறோம். அங்கே எங்களுக்கு இடர் குறைவு என்று எழுதலாமா?

பதில்: இடர் குறையவில்லை, கை மாறியிருக்கிறது. இடர்க் கைமாற்றம் என்று அதையே எழுதுங்கள். தாக்குதலுக்கு ஆளாகும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவர்கள்தான். வானொலி, பயிற்சி, காப்பீடு, பாதுகாப்பு அலுவலர் சம்பளம் எல்லாவற்றுக்கும் பங்காளியின் பட்ஜெட்டில் தனித் தலைப்பு கொடுங்கள். நிர்வாகச் செலவுக்குள் சமாளித்துக்கொள்ளுங்கள் என்பது நியாயமில்லை.

கேள்வி: நூலிழையில் தப்பியதையும் பதிவு செய்ய வேண்டுமா? எதுவும் நடக்கவில்லையே.

பதில்: கட்டாயம். சாவடியில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறக்கச் சொல்லி, அப்புறம் மனம் மாறி விட்டுவிட்டார்கள் என்றால், அடுத்த வண்டிக்கு அது தெரிய வேண்டும். பெரும்பாலும் முதலில் பார்த்தவர் ஓட்டுநராகத்தான் இருப்பார். நீண்ட படிவத்தை அவரிடம் நீட்டாதீர்கள். எங்கே, எப்போது, என்ன, யார் இருந்தார்கள் என்று வாய்மொழியாகக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னதற்காக அவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.