எகிப்து டாரட்டில் எகிப்து எவ்வளவு?

கேள்வி: எகிப்து டாரட், ஜப்பான் டாரட், இந்தியா டாரட் என்று ஒவ்வொரு நாட்டின் பெயரிலும் ஜோசியம் பார்க்கும் சீட்டுக்கட்டு விற்கிறார்கள். அந்தந்த நாட்டின் பழங்கால ஞானம் அதில் இருக்கிறதாம். என் மகள் எகிப்துக் கட்டு வாங்கிவிட்டாள். அடுத்து பழைய இத்தாலிக் கட்டின் மறுபதிப்பு வேண்டும் என்கிறாள். வாங்கித் தரலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இத்தாலிக் கட்டைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். எகிப்துக் கட்டைப் படம் பார்க்க வைத்துக்கொள்ளட்டும். ஞானம் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

டாரட் பிறந்தது 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அப்போது அது ஜோசியம் இல்லை. துருப்பு வைத்து ஆடும் சீட்டாட்டம். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆடுகிறார்கள். அங்கே சீட்டைப் போட்டுவிட்டுக் கல்யாணம் எப்போது என்று யாரும் கேட்பதில்லை.

மிலான் நகரை ஆண்ட பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காக 1450 வாக்கில் ஒரு கட்டு வரைந்தார்கள். படச்சீட்டுகளில் தங்க ரேக்கு ஒட்டி, அதன்மேல் புள்ளி புள்ளியாகக் குத்திய பின்னணி. 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. 35 நியூயார்க் மார்கன் நூலகத்தில், 26 பெர்கமோ நகரின் காரரா கலைக்கூடத்தில், மீதி 13 ஒரு குடும்பத்திடம்.

அதில் ஒரு சீட்டு, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் இளைஞன். இன்றைக்கு டாரட் பார்ப்பவர்களிடம் கேட்டால் தியாகம், பொறுமை, புதிய பார்வை என்பார்கள். அன்றைய இத்தாலியருக்கு அவன் துரோகி, அவ்வளவுதான். துரோகம் செய்தவனைத் தொங்குகிற கோலத்தில் பொது இடத்தில் வரைந்து மானத்தை வாங்குவது அங்கே ஆட்சியாளர்கள் காசு கொடுத்துச் செய்வித்த வேலை. புளோரன்சில் 1478-இல், அந்நகரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த மெடிசி சகோதரர்களைக் கொல்லச் சதி செய்தவர்கள் தூக்கில் தொங்குவதைச் சுவரில் வரைந்தவர் போத்திச்செல்லி. ஆமாம், கடல் சிப்பியில் நிற்கும் வீனஸை வரைந்த அதே ஆள்தான். பிரான்செஸ்கோவின் அப்பா முத்ஸியோவுக்கும் இந்தக் கதி நேர்ந்தது. அணி மாறிய கோபத்தில், போப் பதவிக்கு உரிமை கொண்டாடிய ஒருவர் அவரைத் தலைகீழாக வரையச் செய்து ரோம் நகரில் வைத்தார். பிறகு மகன் வீட்டுச் சீட்டுக்கட்டிலும் அதே கோலத்தில் ஒருவன்! ஒரு நாட்டின் பண்பாடு சீட்டில் இருக்கிறது என்றால் இப்படி இருக்க வேண்டும். அந்த இளைஞனுக்கு வேட்டி கட்டிவிட்டோ கிமோனோ மாட்டிவிட்டோ தொங்கவிட்டால் அது இந்தியாவும் ஆகாது, ஜப்பானும் ஆகாது.

எகிப்துக் கதையைக் கிளப்பியவர் கூர் த ஷெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர், 1781-இல். டாரட் என்பது எகிப்தியப் பூசாரிகள் சீட்டில் ஒளித்துவைத்த புத்தகம் என்று எழுதினார். பழங்கால எகிப்திய எழுத்தை ஷாம்பொலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டியதே 1822-இல்தான். ஒரு வரி படிக்கத் தெரியாத காலத்தில் முழுப் புத்தகத்துக்கும் பொருள் சொன்ன துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எகிப்துக்கு நிஜமாகவே ஒரு பங்கு உண்டு. பிரமிடு கட்டிய பாரோ மன்னர்களின் எகிப்து அல்ல, பல நூற்றாண்டு கழித்து அங்கே ஆண்ட மம்லூக் சுல்தான்களின் எகிப்து. அவர்கள் காலத்துச் சீட்டுகள் இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கின்றன: கோப்பை, காசு, வாள், போலோ மட்டை. போலோ தெரியாத இத்தாலியர் மட்டையைத் தடியாக்கிக்கொண்டார்கள். அந்த நாலும்தான் டாரட்டின் நாலு வகை. உங்கள் மகளின் கட்டில் பிரமிடும் பூனையும் இருக்கும். சுல்தான் இருக்க மாட்டார்.

ஜப்பானுக்கும் நமக்கும் சொந்தச் சீட்டு இருக்கிறது. ஜப்பானில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு செடிகொடி வைத்த ஹனாஃபுடா, 48 சீட்டு. இங்கே வட்டச் சீட்டில் கஞ்சிஃபா. தசாவதாரக் கட்டில் 120. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் இன்னமும் கையால் வரைகிறார்கள். இந்தியக் கலைதான் வேண்டுமென்றால் அதை வாங்கலாமே.

இத்தாலிக் கட்டாக மேலே சொன்ன மிலான் கட்டின் மறுபதிப்பை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். சாத்தான், கோபுரம் உட்பட நாலு சீட்டுகள் மூலத்தில் கிடைக்கவில்லை. முழுசாக 78 இருந்தால் அந்த நாலும் இந்தக் காலத்து ஓவியர் வரைந்தவை. பெட்டியில் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.