எந்தச் செடியின் சாயம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கைத்தறியில் நெய்த அவுரிச் சால்வை வாங்கினேன். இரண்டு முறை போர்த்தியதற்கே கழுத்தெல்லாம் நீலம். போலிச் சாயமா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான தாவரச் சாயங்களுக்குப் படிகாரம் போல ஒரு பிடிமானம் வேண்டும். அவுரிக்கு வேண்டாம். தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகும். அந்த நீலம் தண்ணீரில் கரையாத துகளாக நூலில் தங்குகிறது. அடர்ந்த நீலம் வர வேண்டுமென்று பலமுறை முக்கும்போது மேலே நிற்கும் உபரிதான் உரசலில் ஒட்டுகிறது. தனியாக நாலைந்து தடவை அலசுங்கள். அப்புறமும் தண்ணீர் கருநீலமாகவே வந்தால் சாயமிட்டவர் சரியாக அலசாமல் கொடுத்திருக்கிறார். எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: "மூலிகைச் சாயம், வெளுக்கவே வெளுக்காது" என்று மஞ்சள் திரைச்சீலை விற்றார்கள். ஒரு மாதத்தில் வரிவரியாக வெளுத்துவிட்டது.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. நான் வாங்கியது மேஜை விரிப்பு. ஜன்னலோரம் இருந்த பாதி வெளிறியது, சோப்புப் பட்ட இடம் சிவந்தது. வெறும் மஞ்சள் கிழங்குச் சாயம் என்று பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். அது துணியில் சுலபமாக ஏறும், வெயிலில் அதைவிடச் சுலபமாக இறங்கும். சாயத் தொழிலில் இருக்கும் யாருக்கும் இது தெரியும். தெரிந்தே வெளுக்காது என்று சொன்னவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க நீங்கள் தயங்கவே வேண்டாம். படிகாரத்தோடு மாதுளைத் தோலில் எடுத்த மஞ்சள் இதைவிட வெகுநாள் தாங்கும்.

கேள்வி: "கையால் மட்டும் துவைக்கவும்" என்று சீட்டில் இருந்தது. மெஷினில் வெந்நீரும் பிளீச்சும் போட்டுத் துவைத்தேன். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கூடாது. சீட்டைப் படித்துவிட்டுத்தானே பிளீச் ஊற்றியிருக்கிறீர்கள்? ஒருவர் நாள்கணக்கில் நெய்த துணி அது.

கேள்வி: உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

பதில்: நிற்காது. வினிகர் சில சாயங்களின் நிறத்தையே மாற்றிவிடும்.

கேள்வி: "ரசாயனம் துளியும் இல்லை" என்ற துணிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: இந்த வாசகத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. படிகாரம் ரசாயனம் இல்லையா? அவுரித் தொட்டியில் போடும் சுண்ணாம்பு? கடுக்காயோடு சேர்ந்து கறுப்பு தரும் இரும்புக் கரைசல்? மஞ்சிட்டி வேர் படிகாரத்தில் சிவப்பு தரும், இரும்பில் ஊதா பக்கம் போகும். வேர் ஒன்றுதான், நிறத்தை மாற்றுவது உலோகம். இரும்பு அதிகமானால் நாளடைவில் நூலே நைந்துபோகும். அதனால்தான் எதை, எவ்வளவு போட்டார் என்று கேட்கச் சொல்கிறேன். கைதேர்ந்த சாயக்காரர் எதையும் மறைப்பதில்லை. எத்தனை நாள் ஊறவைத்தேன், எத்தனை முறை முக்கினேன் என்று சலிக்காமல் சொல்வார். இடையில் விற்பவர்தான் எல்லாவற்றையும் "இயற்கை" என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிடுகிறார்.

மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான மேடர் வேரின் சிவப்பை 1868-இலேயே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். ஆலையில் செய்த அவுரி 1897-இல் விற்பனைக்கு வந்தது. செடியில் கிடைக்கும் நீலமும் ஆலை நீலமும் ஒரே மூலக்கூறு, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே கேளுங்கள்: எந்தச் செடி, இலையா வேரா பட்டையா, எதைப் போட்டுப் பிடிக்கவைத்தீர்கள்? பச்சைத் துணி என்றால் இன்னும் கூர்ந்து கேளுங்கள். இலைச்சாறு நிலையான பச்சை தராது. மஞ்சள் நிறச் சாயத்தில் ஒருமுறை, அவுரியில் ஒருமுறை என்று இரட்டை வேலை செய்துதான் நல்ல பச்சை எடுக்கிறார்கள். சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள், சொன்னதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்குக் கூடுதல் விலை தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: ஆறு மாதம் கழித்து அதே சிவப்பில் இன்னொரு துணி கேட்டேன். நிறம் சற்று மாறி வந்திருக்கிறது.

பதில்: மாறத்தான் செய்யும். தண்ணீர் மாறினாலே நிறம் மாறும். ஜோடியாக வேண்டுமென்றால் ஒரே தொட்டியில் முக்கியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சாயமேற்றிய நூலில், தறியில் நெய்த கட்டம் என்று சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கினேன். பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது.

பதில்: நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெடுக ஒரே நிறமாக இருக்க வேண்டும், இடையிடையே வெள்ளை வந்தால் அது அச்சு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அச்சுத் துணிதான் என்று தோன்றுகிறது. உருவிய நூலையும் ரசீதையும் படமெடுத்து வையுங்கள், புகாரை எழுத்தில் கொடுங்கள். மாற்றுத் துணி தருகிறேன் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். முழுப் பணத்தையும் கேளுங்கள்.