கணக்குத் துறைக்குப் போக விரும்பும் மகள்: முக்கூடல் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படித்து முடித்திருக்கும் உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்டவை எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வுக்கு அனுப்புங்கள் என்று வகுப்பு ஆசிரியை வற்புறுத்துகிறார், பி.காம். முடித்து டேலி என்ற கணக்கு மென்பொருளையும் கற்றுக்கொண்டால் போதும் என்று சென்னையில் இருக்கும் மைத்துனர் சொல்கிறார். இந்த இரண்டில் எதை நம்பிப் பணம் கட்டுவது என்று கேட்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. அவள் சி.ஏ. முடிப்பாளா என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆகையால், நடுவில் எந்தக் கட்டத்தில் நிற்க நேர்ந்தாலும், அதுவரை படித்ததை வைத்து ஒரு வேலைக்குப் போக முடியுமா என்று பார்த்துப் பார்த்து வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

அதற்கு முன், வேலை எப்படிப்பட்டது என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும். பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மாதம் என்பது தேதிகளால் ஆனது. 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வருமான வரியைச் செலுத்த வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்தில் ஏற்ற வேண்டும். 15ஆம் தேதி ஊழியர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைகள்; மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் ஜி.எஸ்.டி.ஆர். 3பி படிவம். ஜூலை தொடங்கி அக்டோபர் வரை வருமான வரித் தாக்கலும் தணிக்கையும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புவதே அரிது. பெண் பிள்ளை என்பதால் முக்கூடலுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதை வேலையில் சேரும் அன்றைக்கே அலுவலகத்தில் பேசிவிடலாம், அதற்காகப் படிப்பையே மாற்ற வேண்டியதில்லை.

வேலையின் உட்பகுதியை உங்கள் கடையை வைத்தே விளக்குகிறேன். குளிர்பானம் வைக்க 25,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி 4,500 சேர்த்து பில் 29,500 ரூபாய். நாகர்கோவிலில் வாங்கியிருந்தால் அந்த 4,500 மத்திய வரி 2,250, மாநில வரி 2,250 என்று இரண்டாகப் பிரியும். வேறு மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தால் முழுத் தொகையும் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே பெயரில் வரும். நீங்கள் வழக்கமான முறையில் பதிவு செய்து வரி செலுத்தும் வணிகர் என்றால், விற்பனைக்காகச் செலுத்த வேண்டிய வரியில் இந்த 4,500 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் தம்முடைய விவரத்தில் இந்த பில்லை உங்கள் பதிவு எண்ணோடு ஏற்றியிருந்தால்தான் அது 14ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலில் உங்கள் பெயரில் தெரியும். ஏற்றவில்லை என்றாலும், எண்ணில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பட்டியலில் அது இராது, கழிக்கவும் முடியாது. துணிப்பையில் கட்டாகக் கட்டி வரும் பில்களை ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டதைக் கண்டுபிடித்து, விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, போன மாச பில் ஒண்ணு ஏறலியே" என்று பொறுமையாகக் கேட்டு வாங்குவதுதான் புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் வேலை. அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதை ஓராண்டு செய்தவருக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் பாதி கைவந்துவிடும்.

இதற்கு அவள் பொருத்தமா என்பதை மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளில் சிலர், இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துவராதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமான அனாமத்துக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் அந்த வித்தியாசத்தை விடுவதில்லை. 1,800 ரூபாய் வித்தியாசம் என்றால், அது ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதே, எங்கேயோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடி, 8,600 என்பதை 6,800 என்று எழுதிய வரியில் போய் விரல் வைக்கிறார்கள். 2,400 வித்தியாசம் என்றால் அதில் பாதியான 1,200 பற்றுப் பக்கத்துக்குப் பதில் வரவுப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைக்கு இந்தத் தொழில் பிடித்துப்போகும். இந்த விடுமுறையில் உங்கள் கடையின் சிட்டையையும் பற்று நோட்டையும் அவள் கையில் கொடுத்து, ஒரு மாதக் கணக்கை முறைப்படி பேரேட்டில் ஏற்றி, வங்கிக் கணக்கு அறிக்கையோடு சரிகட்டிக் காட்டச் சொல்லுங்கள். யு.பி.ஐ.யில் வந்த சில்லறைத் தொகைகள் ஒத்துவராமல் நிற்கும்போது அவள் முகத்தைக் கவனியுங்கள்; எந்தத் திறனறித் தேர்வையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இனி வழிகள். சி.ஏ. படிப்பை நடத்துவது 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். திருநெல்வேலியிலும் அதற்குக் கிளை உண்டு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தின்படி, பிளஸ் டூவுக்குப் பின் ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்கள் இருக்கின்றன: கணக்குப்பதிவியல், வணிகச் சட்டங்கள், வணிகக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும் சேர்ந்த ஒரு தாள், வணிகப் பொருளியல். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். முதல் இரண்டு தாள்களில் விரித்து எழுத வேண்டும். மற்ற இரண்டும் கொள்குறி வகை, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். தேர்வு ஜனவரி, மே அல்லது ஜூன், செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. பதிவு செய்தபின் நான்கு மாதப் படிப்புக் காலம் உண்டு என்பதால், செப்டம்பர் முதல் தேதிக்குள் பதிவு செய்தால் ஜனவரித் தேர்வை எழுதலாம். அடுத்தது இன்டர்மீடியட், இரண்டு குரூப்பாக ஆறு தாள்கள். இரண்டு குரூப்பையும் முடித்தபின் ஓர் ஆடிட்டரிடம் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் என்ற வேலைப் பயிற்சி. அதன்பின் ஆறு மாதம் கழித்து இறுதித் தேர்வு. ஏட்டளவில் மூன்றரை ஆண்டு. முதல் முயற்சியிலேயே எல்லாம் தேறினால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். பெரும்பாலானவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதற்கு அடுத்த விதி. பி.காம். படிப்பில் 55 சதவீதம் எடுத்தவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு அது 60 சதவீதம். ஆகவே இப்போது சி.ஏ.வைத் தொடாவிட்டால் கதவு அடைபட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியிலோ சாராள் தக்கர் கல்லூரியிலோ பி.காம். சேர்த்துவிடுங்கள். முதலாண்டிலேயே ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்து இரண்டு முறை எழுதிப் பார்க்கட்டும். தேறினால் கல்லூரியில் படித்துக்கொண்டே இன்டர்மீடியட்டுக்குத் தயாராகலாம். தேறாவிட்டால் பட்டத்தில் கவனத்தைச் செலுத்தி, 55 சதவீதத்தைத் தாண்டி, மூன்றாண்டு முதிர்ச்சியோடு மறுபடி யோசிக்கலாம். பட்டமே இல்லாமல் சி.ஏ.வை மட்டும் நம்பி வீட்டிலிருந்து படிக்க வைக்கும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். இன்டர்மீடியட் நடுவில் நின்றுபோன, பட்டமும் இல்லாத இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு வேலை தேடித் தருவது எங்களுக்கே சிரமமாக இருக்கிறது.

தமிழ் வழியில் படித்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. கணக்குத் தாளில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. பேரேடு எந்த மொழியிலும் பேரேடுதான். வணிகச் சட்டத் தாளில்தான் நின்றுவிடுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைச் சொல்லி, அது இந்த வழக்குக்கு எப்படிப் பொருந்தும் என்று நான்கு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும். அதைப் பழகாமல் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதில் பயனில்லை. தினமும் ஒரு பக்கம், பிளஸ் டூ வணிகவியல் பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, தமிழில் தனக்குத் தெரிந்த அதே பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்தமாக எழுதிப் பார்க்கட்டும். தெரிந்த விஷயம் என்பதால் மொழி மட்டுமே புதிதாக இருக்கும். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

சி.எம்.ஏ. என்ற அடக்கவிலைக் கணக்காளர் படிப்பையும் கேட்டிருந்தீர்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு, ஒரு டயருக்கு, ஒரு மீட்டர் துணிக்கு என்ன அடக்கம் என்று பார்க்கும் வேலை என்பதால் அது தொழிற்சாலைகளுக்கு உரியது. கங்கைகொண்டான் சிப்காட், சங்கர் நகர் சிமெண்ட் ஆலை, தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிறுவனங்கள் என்று நம் பக்கத்திலும் அதற்கு இடம் உண்டு. சி.ஏ.வுக்குக் குறைந்த படிப்பு என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குவது மட்டும் வேண்டாம்.

மைத்துனர் சொன்ன டேலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலி டவுனில் ரதவீதிக் கடைகள் முதல் ஆலங்குளம் காய்கறி மண்டி வரை பெரும்பாலும் அதில்தான் கணக்கு ஓடுகிறது. மூன்று மாதச் சான்றிதழை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் பில் போடும் வேலை கிடைக்கும், பட்டத்தோடும் ஜி.எஸ்.டி. அறிவோடும் போனால் கணக்கைப் பொறுப்பாகப் பார்க்கும் வேலை கிடைக்கும். ஆகையால் டேலியைக் கல்லூரி இரண்டாமாண்டு விடுமுறையில் கற்கலாம். அதற்கு முன் எக்செல். அதற்கும் முன் தட்டச்சு. நம் ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்கள் இன்னும் இருக்கின்றன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் தட்டச்சுக்கு மட்டுமல்லாமல் கணக்கியலுக்கும் இளநிலை, முதுநிலைச் சான்றிதழ்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. செலவு குறைவு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதும்போது தட்டச்சு கைகொடுக்கும். பட்டம் முடித்தபின் எழுதும் குரூப் 2, 2ஏ தேர்வில் உள்ளாட்சி நிதித் தணிக்கை உதவி ஆய்வாளர் போன்ற, கணக்குப் படித்தவர்களுக்கு இயல்பாகப் பொருந்தும் பணிகளும் வருவதுண்டு. இவற்றைத் தனி வழியாக எண்ணாமல், பி.காம். படிப்பை ஒட்டிப் போட்டு வைக்கும் விண்ணப்பமாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கணினியே எல்லாவற்றையும் செய்துவிட்டால் இந்தப் படிப்பு எதற்கு என்ற உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. பில்லைப் பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலை குறைந்துகொண்டே வருகிறது. வங்கி அறிக்கை இப்போதே தானாக ஏறிவிடுகிறது. ஆனால் ஒரு ரைஸ் மில்லில் 1,20,000 ரூபாய்க்குப் புது மோட்டார் வாங்கினால் அது சொத்து, பழைய மோட்டாருக்கு 8,000 ரூபாயில் காயில் கட்டினால் அது அந்த ஆண்டின் செலவு என்று பிரித்து, அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஒருவர் வேண்டும். சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்புக்கும் பற்பசைக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது பழைய இருப்பை என்ன விலைக்கு விற்பது என்று உங்கள் கடையிலேயே குழம்பியிருப்பீர்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் போய், 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழையவர்களும் புதிதாகப் படிக்க வேண்டிய இந்த நேரம் புதிதாக வருகிறவர்களுக்கு ஒருவகையில் நல்ல நேரம்.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பி.காம். முடித்துத் திருநெல்வேலியில் ஆடிட்டர் அலுவலகத்தில் சேரும் பிள்ளையின் தொடக்கச் சம்பளம் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவரின் சம்பளத்தைவிடப் பெரிதாக இராது. ஆர்ட்டிகிள்ஷிப்பில் தரும் உதவித்தொகை கைச்செலவுக்குத்தான் காணும். சென்னையில் விடுதி வாடகைக்குப் போதாது. அதனால், உறவினர் வீடு இருந்தாலொழிய, அந்த இரண்டாண்டை நம் ஊரிலேயே முடிக்கலாம் என்பேன். சிறிய அலுவலகத்தில் ஜி.எஸ்.டி., வருமான வரி, தணிக்கை, வங்கிக் கடனுக்கான அறிக்கை என எல்லாம் கையில் படும். பெரிய நிறுவனத்தில் ஒரு பகுதியை மட்டும் ஆழமாகப் பார்க்க நேரும். பெருநிறுவனங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது அவளுடைய உறுதியான ஆசையாக இருந்தால் அப்போது கணக்கு மாறும்.

கடைசியாகப் பணம். நூறு சதவீதம் வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் எந்த மையத்திலும் முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள்; அங்கேயே கடன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று காகிதத்தை நீட்டினால் கையெழுத்திடாமல் எழுந்து வாருங்கள். சி.ஏ. நிறுவனமே இணையத்தில் இலவச நேரடி வகுப்புகள் நடத்துகிறது. முதலில் ஒரு மாதம் அவற்றைப் பார்த்து, எந்தத் தாளுக்கு வெளி உதவி வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு அந்தக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். முக்கூடலில் கணக்கு இல்லை என்றால் மதிப்பெண் பட்டியல் வருவதற்குள் தொடங்கிவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் வங்கியில் கூட்டம் அதிகமாக இருக்கும்.