பழைய தேக்குக் கதவில் பெயின்ட் உரிப்பது: கேட்டதும் சொன்னதும்

முப்பது வருடமாகக் கதவு, ஜன்னல் பாலிஷ் வேலை செய்கிறேன். வாசல் கதவு பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணா, தாத்தா காலத்துத் தேக்குக் கதவு. மேலே பழுப்பு எனாமல், உள்ளே பச்சை, மஞ்சள் என்று நாலைந்து அடுக்கு. மெஷின் வைத்து ஒரே நாளில் தேய்த்துத் தருகிறேன் என்கிறார் ஆசாரி. விடலாமா?

விடாதீர்கள் தம்பி. முதல் காரணம் ஈயம். வீட்டு பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்து மஞ்சளிலும் பச்சையிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மெஷினில் தேய்த்தால் அது மாவு போல வீடு முழுக்கப் பறக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தூசி விஷம்.

இரண்டாவது, செதுக்கல். நான் தொழில் பழகிய புதிதில், ஒரு கதவின் தாமரை இதழ்களை மெஷினால் மொழுமொழுவென்று ஆக்கிவிட்டேன். வீட்டுக்காரர் திட்டவில்லை, அடுத்த வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

ஹீட் கன், அதாவது கொதிக்கும் சூட்டில் காற்று ஊதும் கருவி, வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். 400, 450 டிகிரி போதும். 600-ஐ நெருங்கினால் ஈயமே ஆவியாகக் கிளம்பும். கதவைக் கழற்றித் திண்ணையில் படுக்க வையுங்கள். ஒரு சாண் இடத்தில் கன்னை ஆட்டிக்கொண்டே காட்டினால் பெயின்ட் குமிழ் விடும். உடனே பட்டித் தகட்டால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தள்ளுங்கள். நாலு அடுக்கும் சேர்ந்து தோல் போல வரும். தகட்டின் முனைகளை முதலில் அரத்தில் தேய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கீறும். மேலே கண்ணாடி இருந்தால் அதன் அருகே கன் வேண்டாம், விரிசல் விடும்.

பூ வேலைப்பாட்டுக்குள் ரிமூவர் (பெயின்ட்டை இளக்கும் ரசாயனம்) தடவி, கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் எடுங்கள். இரும்பு நார் கூடாது. அதன் துணுக்கு மரத்தில் தங்கி, முதல் மழையிலேயே கருப்புப் புள்ளியாகத் தெரியும்.

சென்னையிலிருந்து: சார், ஃபிளாட்டில் இருக்கிறோம். பாத்ரூமில் வைத்து ரிமூவர் போடலாமா?

கூடவே கூடாது அம்மா. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், மூடிய அறையில் கீழேயே தேங்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆள் மயங்கி விழுந்து செத்த சம்பவங்கள் உண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அது கலந்த பெயின்ட் ரிமூவரை விற்பதையே 2019-ல் தடை செய்துவிட்டார்கள். மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள், வெயிலில் அல்ல, நிழலில். கெட்டியாகத் தடவி மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, கால் மணி நேரம் கழித்துச் சுரண்டுங்கள். சாதாரண ரப்பர் கையுறையை நம்பாதீர்கள், ஊடுருவிவிடும்.

மதுரையிலிருந்து: காஸ்டிக் சோடா மலிவாகக் கிடைக்கிறதே?

மலிவுதான். தேக்கைக் கருக்க வைக்கும், பசை போட்ட மூட்டுகளைத் தளர்த்தும். இரும்புக் கேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, பாதி உரித்த பிறகு பார்த்தால் உள்ளே கை அகலத்துக்குப் பட்டி அடைத்திருக்கிறது. மரமும் இரண்டு விதமாகத் தெரிகிறது. என்ன செய்ய?

ஐயா, நிறுத்திவிட்டு நல்ல பெயின்ட்டே அடித்துவிடுங்கள். அந்தக் கதவை முதலில் செய்தவரே பெயின்ட்டுக்கென்று நினைத்துத்தான் துண்டு மரம் சேர்த்திருப்பார். எல்லா பெயின்ட்டுக்கும் கீழே பர்மா தேக்கு ஒளிந்திருக்கும் என்று இப்போது ஒரு ஆசை கிளம்பியிருக்கிறது. மற்றவர்கள் கீல் பக்கம் ஒரு சாண் உரித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கும்பகோணத்திலிருந்து: நிலையில் மஞ்சள் கறை ஊறியிருக்கிறது. ஆணியைச் சுற்றிக் கருப்பும் இருக்கிறது. பாலிஷ் என்ன போடலாம்?

மஞ்சளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நாலு நாள் நல்ல வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஆணிக் கருப்புக்கு ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவி, நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். அதுவும் விஷம்தான், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அப்புறம் 120, 180, 220 நம்பர் உப்புத்தாள் வரிசையாக, கையாலேயே. பழைய பெயின்ட் திட்டு மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு நீர்த்தாள் போடுங்கள், தூசி பறக்காது.

பிரெஞ்சு பாலிஷ் வாசல் கதவுக்கு ஆகாது. அது அரக்கு, வாசல் தெளிக்கும் தண்ணீர் பட்டாலே வெள்ளை பூக்கும். வெளிப்புறத்துக்கான பியூ (பாலியூரித்தேன் பாலிஷ்) போடுங்கள். தேக்கில் எண்ணெய் இருப்பதால் அதற்கு முன் தின்னரால் ஒருமுறை துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேண்டாம், தை பிறக்கட்டும். ஆளிவிதை எண்ணெய்தான் போடுவேன் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

சேலத்திலிருந்து: உரித்த பெயின்ட்டைப் போகியில் போட்டு எரித்துவிடலாமா அண்ணா?

ஐயோ, வேண்டாம். ஈயப் புகையைத் தெருவுக்கே பங்கு வைத்ததாகிவிடும். கீழே விரித்த பாலித்தீனோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் பெயின்ட் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். வேலை செய்த சட்டையை மற்ற துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள்.