ஆடி மழையில கருகுன தக்காளி, உருளை: கேள்வி பதில்

ஊட்டி: தக்காளி நாலே நாள்ல வெந்நீர் ஊத்துன மாதிரி கருகிடுச்சு, பக்கத்து பாத்தி உருளையும் அதே கதி. என்ன நோய்ங்க?

பின்பருவ இலைக்கருகல். 1845ல அயர்லாந்து உருளைய அழிச்சதும் இதேதான். காலையில இலைய திருப்பிப் பாருங்க, கருப்புத் திட்டோட ஓரத்துல வெள்ளையா மெல்லிசா பூஞ்சணம் தெரிஞ்சா சந்தேகமே வேணாம். குளிரும் இலையில காயாத ஈரமும் சேர்ந்தா போதும், காத்துலயே பரவும், அதான் நம்ம மலையில கார்போகப் பயிர் தென்மேற்கு மழையில மாட்டுது. தக்காளிய புடுங்கிடுங்க, உரக்குழில மட்டும் போடாதீங்க. உருளைக்கு மேல் தழைய அறுத்து அப்புறப்படுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு கிழங்கு எடுங்க, உடனே தோண்டுனா தழையில இருக்குற நோய் வித்து கிழங்குல ஒட்டி மூட்டையிலயே அழுகும்.

கோத்தகிரி: பச்சைக் காய் நிறைய இருக்கு, காப்பாத்தலாமா?

புள்ளி இல்லாத காய இன்னிக்கே பறிச்சு வீட்டுக்குள்ள பழுக்க வைங்க, தினமும் பாத்து கெட்டத எடுத்துடுங்க.

குன்னூர்: பஞ்சகவ்யா அடிச்சா நிக்குமா?

நிக்காது. செடி வளர நல்லது, கருகல் வந்தப்புறம் அத நம்பாதீங்க.

கூடலூர்: இயற்கை முறைய மட்டம் தட்டாதீங்க சார், நாங்க பஞ்சகவ்யாலதான் தோட்டமே பண்றோம்.

மட்டம் தட்டலங்க. போர்டோ கலவை இருக்கே, 1885லயே பிரான்ஸ்ல திராட்சைக்கு நிரூபிச்சது, இயற்கை விவசாயத்துலயும் கட்டுப்பாட்டோட அனுமதி உண்டு. 100 கிராம் மயில்துத்தம் (செம்பு உப்பு, காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணில, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு 5 லிட்டர்ல, ரெண்டும் தனித்தனி பிளாஸ்டிக் வாளில கரைச்சு, துத்தத்த சுண்ணாம்புல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க. தீட்டுன இரும்புக் கத்திய முக்கி வைங்க, செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, அப்படியே அடிச்சா இலை வெந்துடும். அன்னிக்கே அடிச்சு முடிங்க. ஆனா இது வருமுன் காக்கதான், கருகுன இலைய எதுவும் பச்சையாக்காது.

கூடலூர்: செம்பு மண்ணுல தங்கி மண்புழுவ கெடுக்காதா?

நியாயமான கேள்வி. தங்கும், வருஷக்கணக்குல அடிச்சா சேரும். அதனால மழைக்காலத்துல மட்டும் அடிங்க, வருஷம் பூரா வேணாம். அதவிட நல்ல வழி தாங்குற ரகம்தான், குஃப்ரி கிர்தாரி, குஃப்ரி சஹ்யாத்ரி ரெண்டையும் ஊட்டி பக்கத்துல முத்தோரை உருளை ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க. சந்தையில சமைக்க வாங்குன கிழங்க விதையா போடாதீங்க, நோய் அதுக்குள்ளயே ஒளிஞ்சு வரும்.

ஊட்டி: வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

அது பூச்சிக்கு. இது பூச்சி இல்ல, பூஞ்சணம் மாதிரி ஒரு கிருமி.

கொடைக்கானல்: மோர்க் கரைசல்?

மேல குன்னூர்க்காரங்களுக்கு சொன்னதேதான். தயவுசெஞ்சு முன்னாடி பதில படிச்சிட்டு கேளுங்க, இங்க மழை விடாம பெய்யுது, ஒவ்வொரு நாளும் முக்கியம்.

சென்னை: மாடித் தக்காளில காயோட அடிப்பக்கம் கருப்பாகுது, இதே நோயா?

இல்ல. அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராதது, தண்ணி ஒருநாள் நிறைய ஒருநாள் இல்லாம ஊத்துறதால வரும். தினமும் சீரா ஊத்துங்க.

குன்னூர்: அறுத்த தழைய மாட்டுச் சாணத்தோட மக்க வைக்கலாமா?

வேணாம்! ஆழமா புதைங்க, மண்ணுல தப்பி தானா முளைக்குற கிழங்கையும் சேர்த்துப் புடுங்குங்க, அடுத்த கார்போகத்துக்கு நோய் அதுலேர்ந்துதான் கிளம்பும்.