மினிட்ஸ் எழுதுகிறவர் டீம் லீட் ஆவது எப்போது?

கேள்வி: பெண் பொறியாளர் நான், மென்பொருள் குழுவில் எட்டு வருடமாக இருக்கிறேன். மீட்டிங் மினிட்ஸ், புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்குவது, குழு விழா ஏற்பாடு எல்லாம் என் தலையில்தான். டீம் லீட் பதவி என்று வந்தால் மட்டும் ‘இன்னும் கொஞ்சம் தயாராகட்டும்’ என்கிறார்கள். என்னிடம் என்ன குறை?

பதில்: உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். யாராவது செய்தே ஆக வேண்டும், ஆனால் செய்தவருக்குப் பெயர் வராது என்கிற வேலைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவை யார் தலையில் விழுகின்றன என்று நான்கு ஆய்வாளர்கள் சோதனை நடத்தி, 2017இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் எழுதினார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் 48 சதவீதம் கூடுதலாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்த குழுவிலும் ஆண்கள் மட்டும் இருந்த குழுவிலும் அந்த வித்தியாசமே இல்லை. ஆகவே இதைப் பெண்களின் சுபாவம் என்று சொல்ல முடியாது. ‘அவர் செய்துவிடுவார்’ என்று சுற்றியிருப்பவர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கணக்கு எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், அப்ரைசல் படிவத்தில் இதற்கு இடம் உண்டா. 80 மணி நேரத்தில் 15க்கு மேல் இடமே இல்லாத வேலைக்குப் போயிருந்தால், அந்தத் தாளோடு மேனேஜரைப் பாருங்கள். ‘செய்ய மாட்டேன்’ என்றால் உங்கள் குணத்தைப் பற்றிப் பேச்சு திரும்பிவிடும். ‘மினிட்ஸுக்கு வாரம் ஒருவர் என்று பட்டியல் போடலாம், முதல் வாரம் நான்’ என்றால் மறுக்க வழி இல்லை. பட்டியல் பெரும்பாலும் மூன்றாவது வாரமே தடுமாறும். யாரோ அரைகுறையாக எழுதுவார், உடனே ‘நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கு’ என்பார்கள். அந்தப் பாராட்டில் மயங்காதீர்கள். முடிவு, பொறுப்பாளர், தேதி என்று மூன்றே கட்டம் உள்ள ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டால் யாரும் எழுதலாம்.

மிச்சமான நேரத்துக்கு இன்ன வேலை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘பெரிய பொறுப்பு கொடுங்கள்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘டேட்டாபேஸ் மாற்றத்தின் டிசைன் ஆவணம் என் பெயரில் இருக்கட்டும், ரிவியூவில் இறுதி முடிவு நான் எடுக்கிறேன்’ என்று கேளுங்கள். முடிவு எடுத்த அனுபவத்தைத்தான் லீட் பதவிக்குப் பார்ப்பார்கள். ‘தயாராகட்டும்’ என்றால், என்ன செய்து காட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள், அதை யார் மதிப்பிடுவார்கள் என்று கேட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

புதியவர்களைப் பழக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய முதல் கோட் வெளியாக எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அது குறைந்தால் ஆள் வளர்த்ததற்கு அதுவே சான்று.

கேள்வி: மாதம் ஒருமுறை மென்ட்டரோடு பேசுகிறேன். இரண்டு வருடமாக எந்த மாற்றமும் இல்லையே?

பதில்: மென்ட்டர் உங்களிடம் பேசுகிறவர். ப்ரமோஷன் முடிவாகும் அறையில், நீங்கள் இல்லாதபோது, உங்களுக்காகப் பேச ஒரு ஸ்பான்சர் வேண்டும். ‘ஸ்பான்சராக இருங்கள்’ என்று கேட்டு யாரும் வருவதில்லை. உங்கள் வேலையால் பயன்பட்ட மேலதிகாரிதான் வருவார். அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே அவர் கையில் ஒரு பக்கம் கொடுங்கள்: மூன்று வேலை, ஒவ்வொன்றிலும் நீங்கள் எடுத்த முடிவு, கிடைத்த பலன் எண்ணில். இரண்டு பேராவது தேவை. ஒருவர் வேலை மாறிப் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி: ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலம்) பொறுப்பு கேட்டால் ‘ராத்திரி ஷிஃப்ட், உங்களுக்குக் கஷ்டம்’ என்கிறார்கள்.

பதில்: கரிசனம் போலத் தெரியும், விளைவு கதவடைப்புதான். கஷ்டமா இல்லையா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். இரவுப் போக்குவரத்து, ஓய்வறை இரண்டையும் ஷட்டவுன் திட்டத்திலேயே மற்ற ஏற்பாடுகளோடு எழுதிவிட்டால் அது சலுகை ஆகாது.

முழு ஷட்டவுனைக் கேட்காமல், அதில் ஒரு முக்கிய வேலையைக் கேளுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பமாற்றி) உள்ளே இருக்கும் குழாய்க் கட்டான பண்டில் என்றால் ஐசொலேஷன் (மற்ற லைன்களிலிருந்து துண்டிப்பது), வேலைக்கான பெர்மிட், கிரேன், பண்டிலை உருவுவது, சுத்தம், ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் கசிவு பார்ப்பது), மூடுவது என்று முழுச் சங்கிலியும் உங்கள் கையில் இருக்கும். பெரும்பாலும் சறுக்குவது கடைசியில்தான்: மூடும் நேரத்தில் கேஸ்கட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) அளவு பொருந்தாது. ஒரு மாதம் முன்பே ஸ்டோரில் போய் ட்ராயிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிரேனுக்கு இன்னொரு வேலையோடு மோதல் வருமா என்றும் அப்போதே கேளுங்கள். மூத்த ஃபிட்டரின் மாற்றுக் கருத்தைத் திட்டமிடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வேலை நடுவில் எல்லார் முன்னாலும் அது வெடித்தால் சமாளிப்பது கடினம்.

கேள்வி: நான் சொன்ன யோசனையை அடுத்தவர் திருப்பிச் சொன்னதும் ஏற்றுக்கொள்கிறார்கள்!

பதில்: மீட்டிங்குக்கு முந்தைய நாளே அரைப் பக்கம் எழுதி அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்படியும் நடந்தால், ‘ஆமாம், நேற்று அனுப்பியதில் இருக்கிறது. அதில் அடுத்த சிக்கல் இது’ என்று பேச்சை மேலே கொண்டுபோங்கள்.

கேள்வி: பெண் பொறியாளர்களுக்கு இரண்டு நாள் தலைமைப் பயிற்சி நடத்தப் போகிறோம். என்ன சேர்க்கலாம்?

பதில்: முதலில் உங்கள் ப்ரமோஷன் பட்டியலை எண்ணுங்கள். பெண்களுக்கான லீன் இன் அமைப்பும் மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024 அறிக்கையில், முதல் மேனேஜர் படிக்கு 100 ஆண்கள் ஏறும்போது 81 பெண்களே ஏறினார்கள். உங்களிடமும் அந்த முதல் படியில்தான் அடைப்பு என்றால், தன்னம்பிக்கை வகுப்பு உதவாது. ஆறு மாதத்துக்கு ஆளுக்கு ஒரு நிஜப் பொறுப்பு, அதில் செலவுக்குக் கையெழுத்திடும் உரிமை, இடையில் மாதம் அரை நாள் வகுப்பு என்று மாற்றுங்கள். முதல் வகுப்புக்கு அவர்களின் மேனேஜர்களையும் உட்கார வையுங்கள். பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது அவர்கள்தானே.